ஹாட் டிப்ளாய்: இதுல "ஹாட்" எங்க இருக்கு?

சர்வர நிறுத்தாமலே புது வார் ஃபைல (மொத்த வெப் ஆப்பையும் கட்டி வச்ச பொட்டலம்) போட்டு ஆப்ப மாத்துறதுக்கு ஜாவா ஆளுங்க வச்சிருக்குற பேருதான் ஹாட் டிப்ளாய். ஜாவா வெப் ஆப்ப ஓட்டுற டாம்கேட் சர்வரா இருந்தா வெப்ஆப்ஸ் ஃபோல்டர்ல ஃபைல காப்பி பண்ணா போதும், சர்வர் 10 செகண்டுக்கு ஒரு தடவ அந்த ஃபோல்டர எட்டிப் பாக்கும், புதுசு ஏதாவது கெடந்தா பழச கழட்டிட்டு அத ஏத்திக்கும்.

"இதுக்கு தமிழ்ல என்னண்ணே? டிரான்ஸ்லேட் பண்ணா சூடான வரிசைப்படுத்தல்னு வருது, ஹோட்டல் மெனு மாதிரி இருக்கு"ன்னு டீம்ல ஒரு பையன் கேட்டான். சிரிச்சிட்டேன், ஆனா பதில் சொல்ல யோசிக்க வேண்டியதா போச்சு.

முதல்ல ஹாட். இங்க சூடு எதுவும் இல்லீங்க. இங்கிலீஷ்ல கரண்ட் ஓடுற ஒயர ஹாட் ஒயர்னு சொல்வாங்க. மெஷின ஆஃப் பண்ணாம, சப்ளை இருக்கும்போதே ஒரு ஹார்ட் டிஸ்க்க உருவிட்டு இன்னொண்ண சொருகுனா அது ஹாட் ஸ்வாப். அதே அர்த்தத்துலதான் சாஃப்ட்வேர்லயும் புழங்குது. ஆக தமிழ்ல "ஓடும்போதே", அவ்வளவுதான். சூடுன்னு மொழிபெயர்த்தா பொருளே போயிடும்.

டிப்ளாய்தான் சுவாரசியம். பிரெஞ்சு வழியா வந்த சொல்லு, வேர் லத்தீன்ல டிஸ்ப்ளிகாரே, மடிச்சத பிரிச்சு விரிக்கிறதுன்னு அர்த்தம். நாம தினமும் சொல்ற டிஸ்ப்ளேவுக்கும் இதே வேர்தான். பட்டாளத்துல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வர்ற படைய போர்முனையில பக்கவாட்டுல விரிச்சு நிறுத்துறத டிப்ளாய்னாங்க, அந்த "வரிசைப்படுத்தல்" இங்கிருந்துதான் வந்திருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா கம்ப்யூட்டர் தமிழ்ல வரிசைப்படுத்துறதுன்னா சார்ட் பண்றது. "நிறுவுதல்" இன்ஸ்டாலுக்குப் போயிடுச்சு. எனக்குப் புடிச்சது "களமிறக்கம்". ராணுவத்துக்கும் சொல்றோம், கிரிக்கெட்டுக்கும் சொல்றோம், தேர்தல்ல வேட்பாளருக்கும் சொல்றோம், யாருக்கும் விளக்கவே வேண்டாம். ரீடிப்ளாய் மறுகளமிறக்கம், ஹாட் டிப்ளாய் "ஓடும்போதே களமிறக்கல்".

சிலர் "இயங்குநிலை மாற்றம்"னு எழுதுறாங்க. அங்கதான் எனக்கு ஒத்துவரல, ஏன்னா உள்ள நடக்குறது மாற்றமே இல்ல. ஜாவாவுல ஒரு கிளாஸுக்கு, அதாவது கோடோட ஒரு துண்டுக்கு, அடையாளம் பேரு மட்டும் இல்ல, அத மெமரியில ஏத்துன கிளாஸ்லோடரும் சேர்ந்துதான் அடையாளம். ஒவ்வொரு தடவ களமிறக்கும்போதும் அந்த ஆப்புக்குன்னு புதுசா ஒரு கிளாஸ்லோடர் பொறக்குது, அது ஆப்போட கிளாஸையெல்லாம் மறுபடி ஏத்துது. பழைய கிளாஸ்லோடர யாருமே புடிச்சிருக்கலன்னாதான் வேண்டாதத மெமரியில இருந்து கழிக்கிற கார்பேஜ் கலெக்டர் அத தூக்கும். சர்வரோட த்ரெட்ல (வேலைய ஓட்டுற இழை) விட்டுட்டு வந்த ஒரே ஒரு த்ரெட்லோக்கல், அதாவது அந்த த்ரெட்டோடவே ஒட்டிக்கிற மதிப்பு, போதும், இல்ல ஜாவாவோட டிரைவர்மேனேஜர்ல பதிஞ்சுட்டு நீக்க மறந்த ஜேடிபிசி டிரைவர் (டேட்டாபேஸோட பேசுற பகுதி) ஒண்ணு போதும், மொத்த பழைய ஆப்பும் மெமரியிலயே உக்காந்துரும். அவுட்டான பேட்ஸ்மேன் பெவிலியனுக்குப் போகாம கிரீஸ்லயே நிக்குற கதைதான்.

ஜாவா 6 காலத்துல ஒரு புராஜெக்ட்ல இத நல்லா அனுபவிச்சேன். காலையில இருந்து அஞ்சாறு தடவ ரீடிப்ளாய், மத்தியானம் சாப்ட்டு வந்தா லாக்ல "அவுட் ஆஃப் மெமரி எரர்: பெர்ம்ஜென் ஸ்பேஸ்", அதாவது கிளாஸ் விவரங்கள வைக்கிற மெமரி பகுதி நெறஞ்சு போச்சு, அப்புறம் சர்வர கொன்னு எழுப்புறதுதான் ஒரே வழி, அப்ப ஹாட்டாவது ஒண்ணாவது. 2014ல வந்த ஜாவா 8 பெர்ம்ஜென்ன தூக்கிட்டு மெட்டாஸ்பேஸ் குடுத்துச்சு, அதுக்கு நாமளா வரம்பு வைக்கலன்னா மெஷின் மெமரி இருக்குற வரைக்கும் வளரும். ஒழுகுறது நிக்கல, பானைதான் பெருசாச்சு.

இன்னொரு கூத்து, கஸ்டமர்னு ஒரு கிளாஸ் இருந்தா "கஸ்டமர கஸ்டமரா மாத்த முடியாது"ன்னு கிளாஸ்காஸ்ட் எக்ஸப்ஷன்னு ஒரு எரர் வரும். ரெண்டும் ஒரே பேரு, ஒரே பேக்கேஜ், எழுத்துக்கூட மாறல! ஷேர்டு கேஷ்ல (பொதுவான தற்காலிக சேமிப்பு) கெடக்குறது பழைய லோடரோட கஸ்டமர், கோடு எதிர்பாக்குறது புது லோடரோட கஸ்டமர். மொத தடவ பாத்தப்ப ரெண்டு மணி நேரம் எழுத்துப்பிழை தேடிட்டிருந்தேன்.

அதனாலதான் அன்டிப்ளாய்க்கும் (ஓடுற ஆப்ப கழட்டுறதுக்கும்) ஒரு தமிழ்ச்சொல் வேணும்ங்கிறேன், பிரச்சினையே அங்கதான் இருக்கு. "களநீக்கம்" எப்படி? டாம்கேட் 7ல பேரலல் டிப்ளாய்மென்ட்னு ஒண்ணு வந்துச்சு, ஃபைல் பேர்ல ரெண்டு ஹாஷ் போட்டு வெர்ஷன் நம்பர் குடுத்தா பழசும் புதுசும் ஒண்ணா ஓடும், ஏற்கனவே லாகின் பண்ணவங்க பழசுலயே இருப்பாங்க, புதுசா வர்றவங்க புதுசுக்குப் போவாங்க. இத "இணைக் களமிறக்கம்"னு சொல்லிக்கலாம், பழசோட செஷன் எல்லாம் முடிஞ்சதும் அதுக்குக் களநீக்கம். பையன்கிட்ட சொன்னேன். "களநீக்கம் ஓகேண்ணே, ஆனா ஸ்டாண்டப் மீட்டிங்ல டிப்ளாய்னுதான் சொல்லுவேன்"னுட்டான்.