பேய் வராத பேய்ப்படம்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எனக்கு வேலை கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து ஆண்கள் வலை பார்ப்பது, படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, வண்ணம் அடிப்பது போக மிச்ச நேரமெல்லாம் வீட்டில்தான். ராத்திரி ஆனால் டிவியில் ஒரு படம். மற்ற நாளில் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வைக்கிற சத்தத்துக்கும் இவர்கள் வந்து உட்கார்ந்து வைக்கிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரியவரும். பத்து நாளில் வீட்டில் சண்டை. இருபதாவது நாள் என் அறை வாசலில் நிற்பார்கள்.

ராமநாதபுரத்தில் ஆடியாலஜிஸ்டாக இருக்கிறேன். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்கிற வேலை. ஊர்க்காரர்களுக்கு நான் 'காது மெஷின் மேடம்'. வருகிறவரிடம் "காது எப்படிக் கேக்குது?" என்று கேட்டால், "நல்லாத்தான் கேக்குது, இவதான் சும்மா கூட்டிட்டு வந்துட்டா" என்பார். அந்தக் கேள்வியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆனது. இப்போதெல்லாம், "கடைசியா வீட்ல என்ன படம் பார்த்தீங்க? எப்படி இருந்துச்சு?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். காதைப் பற்றிப் பேச மறுக்கிறவர்கூட படத்தைப் பற்றிப் பேச மறுப்பதில்லை.

அப்படித்தான் பாம்பன் பக்கமிருந்து ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). ஐம்பதைத் தாண்டியவர், விசைப்படகு டிரைவர், முப்பது வருஷமாக இஞ்சின் பக்கத்திலேயே நிற்கிறவர். என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டதும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"இப்ப வர்ற படமெல்லாம் படமா மேடம்? வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறானுக. பாட்டும் வெடிச்சத்தமும்தான் காதைப் பொளக்குது. பழைய படத்துல எப்படிக் கணீர்னு பேசுவாக! போன வாரம் ஒரு பேய்ப்படம் பார்த்தேன். ரெண்டரை மணி நேரம். கடைசி வரைக்கும் பேய் வரவே இல்ல!"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "அது பேய்ப்படமே இல்லம்மா. பேங்க் லாக்கர்ல திருடுற படம். அதுல ஒருத்தன், 'சாவி அவன்கிட்டதான் இருக்கு'ன்னு சொல்லுவான். இவுகளுக்கு அது 'ஆவி'ன்னு கேட்டிருக்கு."

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் நான் சோதனை செய்யும் முன்பே, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் அவருடைய காதின் வரைபடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'சாவி'யில் 'ச்' மட்டும் காணாமல் போயிருக்கிறது, 'ஆவி' அப்படியே நிற்கிறது. இலக்கணத்தில் உயிர், மெய் என்று படித்தோமே, காது தேய்வதும் அதே கணக்கில்தான். உயிர் ஒலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், நல்ல பலத்தோடு வரும். ச, ஸ, த, ப, க போன்ற மெய்கள் பலம் குறைந்தவை. அதிலும் ச, ஸ, ஷ எல்லாம் மேல் அதிர்வெண்ணில் ஒரு மூச்சுக்காற்றாகத்தான் வரும். இரைச்சலில் அடிபட்ட காது முதலில் இழப்பது இவற்றைத்தான். அதனால்தான் "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்ற புகார். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சத்தம் புகாத அறையில் அவரை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். பீப் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அதிர்வெண் 250, 500, 1000 ஹெர்ட்ஸ் வரை கை டக்கென்று மேலே போனது. 2000-இல் கொஞ்சம் தயக்கம். 4000-இல் நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன், மனிதர் மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருக்கும் காதுப் படத்தைப் பார்த்தபடி இருக்கிறார். அறைக்குள்ளேயே பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு ஹெட்போனிலிருந்து கசிந்த பீப் லேசாகக் கேட்டுவிட்டது. "எனக்கே கேக்குதே!" என்றார். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

காதுக்கு உள்ளே நத்தைக்கூடு மாதிரி சுருண்ட பகுதியில், ஒரு காதுக்கு ஏறக்குறைய 16,000 மயிரிழைச் செல்கள், சத்தத்தை உணர்கிறவை, பிறக்கும்போதே இருக்கின்றன. போனால் திரும்ப முளைக்காது. மேல் அதிர்வெண்ணுக்கு உரியவை சத்தம் நுழைகிற பக்கமாக இருக்கின்றன. கரையோரத்து முதல் வரிசைக் குடிசை மாதிரிதான், அலை வந்தால் முதல் அடி அதற்கு. 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 100-க்கு வெறும் கால் மணி நேரம். டெசிபலை அளக்கக் கருவி எதற்கு? கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். படகில் இஞ்சின் பக்கத்தில் யாராவது கத்தாமல் பேசி நான் கேட்டதில்லை. ராத்திரி முழுக்க அந்த இரைச்சலில் நிற்கிறவருக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் ஒரு ஜோடி பாதுகாப்பு. படகில் கூட இருப்பவர் கூப்பிட்டால் காதில் விழாதே என்பார்கள். அடைப்பான் இல்லாவிட்டாலும் அந்த இரைச்சலில் கேட்கப்போவதில்லை.

சரி, எல்லாப் பழியையும் காது மேல் போடுவதும் நியாயமில்லை. வீட்டில் ஒரு புதுப்படம் பார்த்தபோது நானே மூன்று இடத்தில் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். என் காது சரியாகத்தான் இருக்கிறது. தியேட்டருக்கென்று செய்யும் ஒலிக்கலவையில் வசனத்தைப் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கருக்குத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள், இசையும் இரைச்சலும் சுற்றிலும் வரும். அதே கலவையை நம் வீட்டு டிவியின் அடியிலோ முதுகிலோ இருக்கும் கட்டைவிரல் அளவு ஸ்பீக்கர் இரண்டுக்குள் திணித்தால் வசனம் அமுங்கத்தான் செய்யும். அதோடு நம் வீடுகளும் சேர்ந்துகொள்கின்றன. காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, சாமான் குறைவான கூடம், தலைக்கு மேல் முழு வேகத்தில் ஃபேன். பேச்சு சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும். ஓலை வீட்டில் இந்த எதிரொலி கிடையாது. ஒரு திரைச்சீலை, தரையில் ஒரு பாய், டிவி அமைப்பில் 'குரல் தெளிவு' என்றோ 'டயலாக்' என்றோ இருப்பதைத் தட்டிவிடுவது, இவ்வளவிலேயே சில வீட்டுச் சண்டை தீர்ந்திருக்கிறது.

பழைய படம் புரிவதற்கும் காரணம் உண்டு. அந்தக்கால நடிகர்களில் பலர் நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்கள். தவிர, அந்த வசனங்கள் நமக்கு மனப்பாடம். காது விட்டதை மூளை நிரப்பிவிடும்.

அப்படியானால் குற்றம் படத்திலா காதிலா என்று எப்படிப் பிரிப்பது? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களுக்கும் புரியவில்லை என்றால் படம். அவர்களுக்குப் புரிந்து உங்களுக்கு மட்டும் புரியவில்லை என்றால் காது. இன்னொன்றும் கவனிப்பேன். குடும்பமே சிரிக்கும்போது ஒரு நொடி தள்ளிச் சிரிக்கிறவர் எந்த வீட்டிலாவது இருந்தால், அவர் நகைச்சுவையைக் கேட்டுச் சிரிக்கவில்லை, மற்றவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். கீழக்கரையிலிருந்து ஒரு மகள் தன் வாப்பாவை அப்படித்தான் கூட்டிவந்தார். "முன்னெல்லாம் படம் முடிஞ்சா ஒரு மணி நேரம் அலசுவாங்க. இப்ப எதைக் கேட்டாலும் 'நல்லா இருந்துச்சு'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க" என்றார். வயசாகிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் இழப்பு. இப்படிப் பேச்சிலிருந்து ஒதுங்குவதை நான் சத்தமாக டிவி வைப்பதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நடுவயதில் கவனிக்காமல் விட்ட கேட்புக் குறைபாடு பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2020-இலும் 2024-இலும் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு பட்டியலிட்டிருக்கிறது.

பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்பேன். "டிவிக்கு எந்தப் பக்கமா உட்காருவீங்க?" ஒரு அம்மா யோசித்துவிட்டு, "எப்பவும் இந்தத் தூண் ஓரந்தான். அங்கனதான் நல்லா கேக்கும்" என்றார். தூண் ஓரம் உட்கார்ந்தால் வலது காது டிவி பக்கம் வரும். இடது காதில் சவ்வு கிழிந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு ஓர் ஆள் ஆழத்திலேயே காதில் அழுத்தம் தெரிய ஆரம்பிக்கும். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். சளி பிடித்திருக்கும்போது அது நடக்காது, அன்றைக்கு முங்கவே கூடாது. காதை அடைத்துக்கொண்டு முங்குவது இன்னும் ஆபத்து. சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடும், அதுவரை காதில் தண்ணீர் படக் கூடாது என்றேன். "முங்காம இருந்தா சோத்துக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சவ்வு மூடியதா என்று பார்க்க வரச் சொன்னேன், வந்தார். இடையில் எத்தனை நாள் கடலுக்குப் போனார் என்று நானும் கேட்கவில்லை.

காதில் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை மட்டும் எல்லோரும் விட்டால் எனக்குப் புண்ணியமாகப் போகும். சவ்வில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போகும். பட்ஸ் போட்டுக் குடைவதும் குறும்பியை உள்ளேதான் தள்ளும். டிவி சத்தத்தைக் கூட்டுகிற சிலருக்குக் குறும்பி அடைப்பைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. நேற்றுவரை கேட்ட காது திடீரென்று ஒரு நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ அடைத்துக்கொண்டால், கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'தண்ணி போயிருக்கும்' என்று சும்மா இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து கொடுத்தால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. ஒரு மாதம் கழித்து வருகிறவர்களிடம் நான் பெரும்பாலும் வரைபடத்தைக் காட்ட மட்டுமே முடிகிறது.

இளவட்டங்களுக்கு டிவி தேவையில்லை, போனும் இயர்போனும் போதும். வல்லத்தில் போகும்போது இஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று முழுச் சத்தம் வைக்கிறார்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு படம் பார்த்தாலே அந்த 4 மணி நேரம் தீர்ந்துவிடும். அப்பாவின் காது முப்பது வருஷத்தில் போனது, மகனுக்கு அவ்வளவு நாள் தேவைப்படாது.

டிரைவரிடம் மெஷின் போடச் சொன்னேன். கண்ணாடி போட ஒத்துக்கொள்கிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் இப்படிக் கூசுகிறார்களோ! "கிழவன்னு சொல்லுவாங்க" என்றார். "பேய்ப்படம்னு சொல்லிட்டுத் திரிஞ்சா மட்டும் என்ன சொல்லுவாங்களாம்?" என்றார் மனைவி. அந்த வாதத்தில் அவர்தான் ஜெயித்தார். பணம் இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம், தகுதி இருந்தால் கருவி இலவசமாகவே கிடைக்கும். சோதனை செய்யாமல் ஆன்லைனில் மலிவாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் பல எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டிவிடும், நல்லாக் கேட்கிற தாழ்ந்த ஒலியையும் சேர்த்து. நம் கரையில் உப்புக்காற்றும் வியர்வையும் மெஷினுக்கு எமன். ராத்திரி பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெஷினை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா போட்ட டப்பாவில் வைத்து மூட வேண்டும். முதல் இரண்டு வாரம் பாத்திரம் கழுவுகிற சத்தமும் பிளாஸ்டிக் கவர் கசங்குகிற சத்தமும் எரிச்சலாக இருக்கும். அதற்குப் பயந்து அலமாரியில் போட்டு வைத்தால் மூளை பழகாது.

இவர் பழகிவிட்டார். ஜூன் மாதம் கடலுக்குப் போவதற்கு முந்தின வாரம் மெஷினைச் சரிபார்க்க வந்தார். அதே படத்தைத் திரும்பப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தேன் மேடம். ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு" என்றார். "படம் நெசமாவே மட்டந்தான். பேய் வந்திருந்தாத் தேவலை."