ஹெக்குபாவின் அழுகைக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்

கிரேக்கத் துன்பியல் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக் குரல் போய் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்கள், கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கொரியாவின் தேசிய சாங்க்குக் (பாரம்பரிய இசை நாடகம்) குழு மேடையேற்றிய ‘டிராய் நகரப் பெண்கள்’. “இந்தக் கரகரப்பு வரணும்னுதான் கத்திப் பழகினேன்” என்கிறார்கள். உள்ளே பார்த்தால் குரல்நாண்கள் சிவந்து வீங்கிக் கிடக்கின்றன. இனியும் பொறுக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸ் கி.மு. 415இல் அரங்கேற்றிய நாடகம் அது, வீழ்ந்த டிராயின் அரசி ஹெக்குபாவும் மற்றப் பெண்களும் புலம்பும் கதை. அதைக் கொரிய மொழியில் எழுதியவர் பே சாம்-சிக், இயக்கியவர் சிங்கப்பூரின் ஓங் கெங் சென். 2016இல் சியோலில் தொடங்கி லண்டன், நியூயார்க், எடின்பரோ வரை போனது. பன்சோரி என்பது முரசடிக்கு ஏற்ப ஒருவரே பாடியும் பேசியும் கதை சொல்லும் கொரிய மரபு. அந்த மெட்டுகளை அமைத்தவர் மூத்த பாடகி ஆன் சூக்-சன், மற்ற இசை ஜங் ஜே-இல். அசாத்தியமான தயாரிப்பு, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காமல் கரகரப்பை மட்டும் பிய்த்தெடுத்தால் நாசம்.

எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: பன்சோரிப் பாடகர்கள் அருவிக்கரையில் நின்று ரத்தம் கக்கும்வரை பாடுவார்கள், அதன் பிறகே குரல் ‘திறக்கும்’. மலையிலும் அருவியிலும் பயிற்சி செய்ததெல்லாம் உண்மை. ரத்தம் வந்தால் குரல் வளரும் என்பது பொய், பொய், பொய். பேசும்போது பெண்ணின் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தலில் அந்த வேகத்தோடு அழுத்தமும் கூடும்போது மெல்லிய ரத்தக்குழாய் வெடிக்கிறது. ஆறுகிற இடத்தில் தழும்பு விழலாம். தழும்பு விழுந்த நாண் நெளியாது, விறைத்து நிற்கும். முதலில் போவது மேல் சுருதியில் மெல்லப் பாடும் திறன். அது போனதே பலருக்குத் தெரிவதில்லை, சத்தமாகப் பேச முடிகிறதே என்று இருந்துவிடுகிறார்கள். அருவிக்கரையிலிருந்து குரலோடு திரும்பியவர்களின் பாட்டைத்தான் நாம் கேட்கிறோம். குரல் இழந்து திரும்பியவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. பன்சோரிப் பாடகர்களுக்கும் குரல்முடிச்சு வருகிறது, அவர்களும் மருத்துவரிடம் போகிறார்கள்.

அந்த மேடை பாடகரை எப்படித் தாங்குகிறது என்று கவனியுங்கள். ஹெக்குபா மூல நாடகத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை மேடையை விட்டு அகலாத பாத்திரம். அதைப் பாடிய கிம் கும்-மிக்குத் துணை நிற்பது கொமுங்கோ என்ற ஆழ்ந்த நாதமுள்ள தந்திக் கருவி. அது குரலோடு போட்டி போடுவதில்லை. பாரம் முழுவதையும் அவர் ஒருவரே சுமப்பதுமில்லை. பெண்கள் கோரஸ் ஓலத்தை வாங்கிக்கொள்கிறது, அந்த நேரத்தில் அவர் மூச்சை இழுத்து நிரப்பிக்கொள்கிறார். பன்சோரியிலேயே பாட்டுக்கு நடுவே ‘அனிரி’ என்ற பேச்சுப் பகுதி வரும், அது தொண்டைக்கும் ஓய்வு. ஆண் நடிகரான கிம் ஜுன்-சு பாடிய, போருக்குக் காரணம் என்று பழிக்கப்படும் ஹெலனுக்கு முரசு இல்லை, பியானோதான். அதாவது அந்த நாடகத்திலேயே துயரத்துக்கு ஒரே குரல் என்ற விதி கிடையாது.

இன்னொன்று. பன்சோரியில் பாடகர் தன் கட்டைக்கு ஏற்பச் சுருதி வைத்துக்கொள்கிறார். காணொளியில் கேட்ட சுருதியிலேயே நீங்களும் பாடியாக வேண்டும் என்று யார் சொன்னது?

ஹெக்குபாவின் முதல் புலம்பல் தரையில் கிடந்தபடி வருகிறது. குப்புறப் படுத்துப் பாடாதீர்கள், வயிறு நசுங்கி மூச்சு அடைபடும், தொண்டை அந்த வேலையைச் செய்யப் பார்க்கும். ஒருக்களித்துப் படுங்கள், முழங்கையை ஊன்றுங்கள், தாடையை முன்னே துருத்தாதீர்கள். ஓலக் காட்சியை ஒரே நாளில் முழுக்குரலில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், மற்ற ஓட்டங்களில் அரைக்குரல் போதும். பெரிய அரங்கென்றால் மைக் கேளுங்கள், அதில் வெட்கம் என்ன? டிராய் எரிகிற காட்சிக்குப் புகை இயந்திரம் வைத்தால் பாடகர் பக்கம் புகை வராதபடி வையுங்கள்.

தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும், தண்ணீரில் 2 செ.மீ. ஆழம் அமிழ்ந்த உறிஞ்சுகுழாய் வழியாக ஐந்து நிமிடம் குமிழி விட்டபடி முனகுங்கள். மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் இதமாக இருக்கும், சாப்பிடுங்கள். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல்நாணைத் தொடுவதே இல்லை. மேடை ஏறும் நேரத்தில் ஒரு செம்பு குடிப்பதால் பயனில்லை, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க வேண்டும். குரல் கம்மியபோது கிசுகிசுப்பதும் செருமுவதும் வேண்டாம், வாயை மூடி இருங்கள்.

பாடும்போதே திடீரென்று குரல் அறுந்தால் அந்த விநாடியே நிறுத்துங்கள். அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கருவி விட்டுக் குரல்வளையைப் பார்க்காமல், இன்றைய காட்சி மட்டும் முடியட்டும் என்று யாரிடமும் ஸ்டீராய்டு ஊசி கேட்காதீர்கள். கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினாலும் பரிசோதனை அவசியம்.

இயக்குநர்களே, தயவுசெய்து இதைக் கேளுங்கள். பேரன் அஸ்தியானக்ஸின் உடலைக் கேடயத்தில் கிடத்தி ஹெக்குபா அழுவது நாடகத்தின் கடைசிப் பகுதியில். நீங்கள் வரிசைப்படி ஒத்திகை பார்ப்பதால், அந்த நடிகை அதை எப்போதும் களைத்த தொண்டையோடுதான் பழகுகிறார். வாரத்தில் சில நாட்களாவது ஒத்திகையை அந்தக் காட்சியிலிருந்து தொடங்குங்கள்.