கொள்ளிக்குடம் உடைச்சவனுக்கு தனிப் பங்கு கிடையாது

ரெண்டு குடும்பம் வச்சிருந்தவர் செத்தா பாடி யாருக்குன்னு சண்டை, போன மாசமும் ஒண்ணு. மூணு நாளா பாடி மார்ச்சுவரியில. ரெண்டு வீட்டுலயும் பந்தல் போட்டாச்சு, ரெண்டு வீட்டுலயும் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு வந்து சும்மா கிடக்கு, கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ரெண்டு, ஒண்ணுல இருக்கிற பேர் ஒண்ணுகூட இன்னொண்ணுல இல்ல. மூத்த வீட்டம்மாவுக்கு சொந்த ஊர்ல புதைக்கணும், இளையவங்களுக்கு டவுன்லயே அடக்கம் பண்ணணும். இன்ஸ்பெக்டர் பேசி முடிச்சு எழுதிக் குடுங்கன்னுட்டார், அவரும் வேற என்னதான் பண்ணுவார்.

இந்த மாதிரி கேஸ்ல வக்கீல் ஆஃபீஸ்ல நாங்க முதல்ல கேக்குற வசனம், "சார் அவன் கொள்ளிக்குடம் உடைச்சுட்டான்னா சொத்து அவனுக்குப் போயிடுமே". போகாதுங்க. எங்க எழுதியிருக்கு? 1956 இந்து வாரிசுரிமை சட்டத்துல, உயில் எழுதாம ஒரு ஆம்பளை செத்தா முதல் வரிசையில மனைவி, மகன், மகள், அம்மா (அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் பங்குன்னு முக்காவாசி பேருக்கு ஞாபகமே வராது). மொட்டை போட்டவன், குடம் உடைச்சவன், மாலை போட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தவன்னு தனி வரிசை கிடையாது. வாரிசு சான்றிதழ் தர்ற தாசில்தாரும் சுடுகாட்டு வீடியோ கேக்க மாட்டார், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) ரிப்போர்ட்டைத்தான் பாப்பார். ஒருத்தர் போஸ்டரை லேமினேட் பண்ணி எவிடென்ஸ்னு கொண்டு வந்தார், என்ன சொல்றது.

இன்னும் நம்பிக்கை வரலியா, ஊருக்கே தெரிஞ்ச விஷயம் சொல்றேன். 2016 டிசம்பர்ல ஜெயலலிதாவை மெரினாவுல அடக்கம் பண்ணப்போ சடங்கை முன்ன நின்னு செஞ்சது சசிகலா, கூட அண்ணன் மகன் தீபக். 2020ல மெட்ராஸ் ஹைகோர்ட் வாரிசுன்னு சொன்னது தீபக்கையும் அவர் அக்கா தீபாவையும். சடங்கு செஞ்ச கணக்கு அங்க எடுபடவே இல்ல.

மூத்த வீட்டுக்காரங்க இதையும் கேட்டுக்கங்க. முதல் கல்யாணம் இருக்கும்போதே பண்ண ரெண்டாவது கல்யாணம் செல்லாதுதான், அதனால அந்தம்மா சட்டப்படி மனைவி இல்ல. ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு அப்பாவோட பங்குல உரிமை உண்டுன்னு 2023 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே தெளிவா சொல்லிடுச்சு. அவங்களை முகம் பாக்க விடாம கேட்டை மூடி என்ன சாதிச்சீங்க? நாளைக்கு பாகப்பிரிவினைல எதிர்ல உக்காரப் போறது அதே பிள்ளைங்கதான்.

சரி, பாடி யாருக்கு? இவருக்குத்தான்னு தனியா ஒரு சட்டம் நம்மகிட்ட இல்ல. ஒத்துவரலேன்னா கோர்ட்டுதான், அதுக்குள்ள நாள் ஓடிடும். கேரளாவுல எம்.எம்.லாரன்ஸ்னு பெரிய சிபிஎம் தலைவர், 2024 செப்டம்பர்ல இறந்தார், உடம்பை மெடிக்கல் காலேஜுக்கு குடுக்கச் சொன்னார்னு மகன் சொல்ல, சர்ச்சுல அடக்கம் பண்ணணும்னு மகள் கோர்ட்டுக்குப் போக, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2025 ஜனவரியிலதான் முடிஞ்சுது. மகன் பக்கம்தான் நின்னுது. இத்தனைக்கும் அவர் எழுதி வைக்கல, சாட்சி முன்னாடி வாயால சொன்னதுதான்.

அதனால பெரியவங்க தயவுசெஞ்சு எழுதி வைங்க. எங்க, எரிக்கிறதா புதைக்கிறதா, யார் முன்ன நிக்கணும், மகள் நிக்கணும்னா மகள்னே எழுதுங்க, எந்தச் சட்டமும் தடுக்கல. ரெண்டு சாட்சி கையெழுத்து போதும். எழுதினதை பீரோல பூட்டாதீங்க, உயிலைத் தேடி எடுக்கிறதுக்குள்ள பதினாறாம் நாளே முடிஞ்சிடும், அதனால ரெண்டு தரப்புலயும் ஒவ்வொரு ஆளுகிட்ட காப்பி குடுங்க. சொந்த பட்டா நிலத்துல புதைக்கணும்னு ஆசைப்படுறவங்க, பஞ்சாயத்து அனுமதி இல்லாம கிராமத்துல அப்படி புதைக்க முடியாது, முன்னாடியே கேட்டுக்கங்க.

அப்புறம், வீட்டுல நடந்த சாவுன்னா 21 நாளுக்குள்ள பதியணும். சண்டையில அதை மறந்துட்டு ஒரு வருஷம் தாண்டி வந்து நிக்கிறாங்க, அதுக்கு மேல அதிகாரி உத்தரவு வாங்க அலையணும். எந்த வீட்டு ஆளா இருந்தாலும் சரி, ஒருத்தர் போய் பதிங்க, ஆதார்ல இருக்கிற மாதிரியே பேர் இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.