டைமர்: காப்பாளர் அல்லர், கணக்கர்

கூடைப்பந்து ஆட்டத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டக் கடிகாரத்தை ஓட்டுபவருக்கு, உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிநூல் வைத்திருக்கும் பெயர் டைமர். கோலாலம்பூரில் நாமும் அப்படியேதான் சொல்கிறோம். மலாயில் அவர் ‘பெஞ்சாகா மாசா’. தமிழில் எழுத வேண்டி வந்தால் ‘நேரக் காப்பாளர்’ என்று போட்டுவிடுகிறோம். சில ஆண்டுகளாகப் பள்ளி ஆட்டங்களில் அந்த நாற்காலியில் உட்காருகிறேன். நம் தமிழ்ச் சொல் அந்த வேலையைச் சொல்லவில்லை என்பது ஓர் ஆட்டத்தில்தான் எனக்கு உறைத்தது.

கடைசிக் கால் பகுதி. பலகையில் 41.6 நொடி. ஓரக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து உள்ளே வந்தது. வாங்கியவர் நடுக்கோட்டைத் தாண்டினார், பந்து இரண்டு கை மாறியது. “அண்ணே, டைமர் ஓடல!” என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். நான் பொத்தானை அழுத்தியிருந்தேன், அது பதியவில்லை. தவறுக்காக விசில் ஊதியபோதும் பலகையில் அதே 41.6. டைமர் என்றால் கருவியும்தான், ஆளும்தான். பையன் சொன்னது கருவியை. எனக்குப் பட்டது என்னை.

இரண்டு நடுவர்களும் மேசைக்கு வந்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. முதலில் என்னிடம் கேட்டார்கள்: “எப்ப அழுத்துனீங்க?” அடுத்து ஷாட் கிளாக், அதாவது பந்து வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறிய வேண்டிய 24 நொடியைக் காட்டும் கடிகாரம், பார்த்த தங்கையிடம். அவருடையது தனிக் கருவி. பந்தை வாங்கிய கணத்தில் சரியாகத் தொடங்கி, 24இலிருந்து 15க்கு வந்து நின்றிருந்தது. பந்தை உள்ளே போடவைத்த நடுவர், உயர்த்திய கையை இறக்கி நேரத்தைத் தொடங்கச் சைகை காட்டியவர், 8 நொடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதிக்காக ஷாட் கிளாக்கை ஒரு பார்வை பார்த்திருந்தார். நடுக்கோட்டைத் தாண்டியபோது 18 என்றார். அவர் சொன்னதும் தங்கை சொன்னதும் பொருந்தின. ஓடியது 9 நொடி. தலைமை நடுவர் இரு பயிற்றுநர்களையும் அழைத்து விளக்கினார். பலகையில் 32.6 வைத்தேன், ஆட்டம் தொடர்ந்தது.

கடிகாரப் பிழையைத் திருத்தும் முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ‘சுமார் பத்து நொடி இருக்கும்’ என்ற ஊகத்துக்கு அங்கே இடம் கொடுப்பது ஆபத்து. ஒருவர் விசில் ஊதினால் மற்ற நடுவரின் கண் உடனே பலகைக்குப் போக வேண்டும்: நின்றதா, எத்தனையில் நின்றது? பந்து உள்ளே வரும்போது ஓடத் தொடங்கியதா என்றும் பார்க்க வேண்டும். எதை யார் பார்ப்பது என்று நல்ல நடுவர்கள் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்வார்கள். பந்தை 5 நொடிக்குள் உள்ளே போட வேண்டும் என்ற விதிக்காக நடுவர் கையை வீசி எண்ணுகிறாரே, அந்த எண்ணிக்கையும் பின்னால் சான்றாக உதவும். முடிவு சொல்வது தலைமை நடுவர். ஆனால் அவர் சொல்லும் எண் பல பேரிடமிருந்து திரட்டியது. நேரம் கூடுதலாக ஓடியிருந்தாலும் ஓடாமல் விடுபட்டிருந்தாலும், அவர் ஆட்டத் தாளில் கையெழுத்திடும்வரை திருத்தலாம் என்கிறது ஃபீபா விதி.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கி எழுதிய 13 விதிகளில் டைமர் என்று தனி ஆள் கிடையாது. பந்து எந்தப் பக்கத்துக்கு உரியது என்று தீர்ப்பவரே நேரத்தையும் ‘கீப்’ செய்ய வேண்டும் என்கிறது 11ஆம் விதி. டைம்கீப்பர் என்ற சொல்லில் இருப்பதும் அதே ‘கீப்’தான். அதைக் காவல் என்று கொண்டதால் காப்பாளர் வந்தார். மலாய்ச் சொல்லும் அந்த வழியில்தான் போகிறது. நம் ஊரில் காவலாளியை ‘ஜாகா’ என்று கூப்பிடுகிறோமே, அந்த ஜாகாதான் பெஞ்சாகாவுக்குள் இருப்பது. ஆனால் புக்கீப்பர் என்ற சொல்லிலும் இதே ‘கீப்’ உண்டு. அவரை யாரும் புத்தகக் காப்பாளர் என்பதில்லை, கணக்கர் என்கிறோம். தமிழிலும் ‘கணக்கு வைத்திருக்கிறார்’ என்பதுதானே பேச்சு? நேரத்துக்கும் அதுவே பொருந்தும். நான் எதையும் காத்து நிற்கவில்லை. எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று கணக்கு வைக்கிறேன்.

இது நான் புதிதாகச் செய்த சொல்லும் இல்லை. முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் இருக்கிறான். ‘பொழுதளந் தறியும் பொய்யா மாக்கள்’ வந்து தொழுது, குறுநீர்க் கன்னல் காட்டும் பொழுது இவ்வளவு என்று அவனுக்கு அறிவிக்கிறார்கள். கன்னல் என்பது நீரைக் கொண்டு பொழுதை அளக்கும் கலம். இந்த மாக்களுக்கு உரைவழக்கில் நாழிகைக் கணக்கர் என்று பெயர். நாழிகையை எடுத்துவிட்டு நேரத்தை வைத்தால் நேரக் கணக்கர். மேசைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘பொய்யா’ என்ற அடைமொழியும் சேர்ந்து வருவதால் அந்த நாற்காலிக்கு ஒரு கடமையும் வந்துவிடுகிறது.

நாழிகை என்றதும் இன்னொன்று. ஒரு நாழிகை 24 நிமிடம். அதை அறுபதாகப் பிரித்தால் ஒரு விநாடி, அதாவது இன்றைய கணக்கில் 24 நொடி. ஷாட் கிளாக்கின் முழு அளவும் அதேதான்! இரண்டுக்கும் தொடர்பில்லை. 1954இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டத்தின் 2,880 நொடியை 120 எறிகளால் வகுத்ததில் கிடைத்தது அந்த 24. ஆனாலும் பழைய விநாடி ஒன்று முழுதாக அந்தப் பெட்டியில் ஓடுகிறது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

கணக்கு அதற்குரியவர்கள் கையைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டம் இருக்கிறது. 3 நொடி மிச்சமிருக்க, அமெரிக்கா 50-49 என முந்தியது. சோவியத் அணி டைம் அவுட் கேட்டதா இல்லையா என்ற குழப்பத்தில் ஆட்டம் 1 நொடியில் நின்றது. பார்வையாளர் பக்கமிருந்து இறங்கி வந்த ஃபீபா பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ், 3 நொடியையும் திருப்பி வைக்கச் சொன்னார். கடிகாரத்தைச் சரியாக வைத்து முடிப்பதற்குள் பந்தை ஆடுகளத்துக்குள் போட்டுவிட்டார்கள். மறுபடியும் 3 நொடி. அந்த மூன்றாவது முயற்சியில் சோவியத் அணியின் அலெக்சாண்டர் பெலோவ் பந்தைக் கூடைக்குள் போட்டார். 51-50. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவில்லை. பிரேசில் நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத் தாளில் கையெழுத்திட மறுத்தார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. நடுவர்களும் மேசையும் சேர்ந்து கண்ட கணக்கு இல்லை அது. வெளியிலிருந்து வந்த உத்தரவு.

கணக்கர் என்றால் பணக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதற்காகத்தான் நேரம் என்ற சொல்லை விடாமல் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு நாங்கள் தமிழில் எழுதிவைத்திருக்கும் மேசைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘நேரக் கணக்கர்’ என்று போட்டாயிற்று. ஷாட் கிளாக் தங்கைக்கு ‘24 நொடிக் கணக்கர்’.