6174: ஏழு கழித்தலுக்குள் சிக்கும் எண்கள்

1949 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 9941. திருப்பிப் போட்டால் 1499. கழித்தால் 8442. விடையையும் அப்படியே அடுக்கிக் கழிக்க வேண்டும்: 5994, பிறகு 5355, 1998, 8082, 8532, ஏழாவது முறை 6174. எட்டாவது முறை 7641-இல் 1467 போக மறுபடியும் 6174. இனி எத்தனை முறை கழித்தாலும் அது அசையாது.

1949-ஐத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அந்த ஆண்டுதான் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் த. ரா. காப்ரேகர் இந்த 6174-ஐ அறிவித்தார். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதுகலைப் படிப்பு படித்தவரில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கழித்தலிலிருந்து இப்படியொன்றைக் கண்டெடுக்க எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

1111, 7777 போல நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் விடை பூஜ்யம். மற்ற எந்த நான்கிலக்க எண்ணும் அதிகபட்சம் ஏழு கழித்தலில் 6174-க்கு வந்துவிடும். நடுவில் 999 வந்தால் அதை 0999 என்று எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஏன் இப்படி? அடுக்கிய இலக்கங்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ மிகப் பெரியது, ஈ மிகச் சிறியது. திருப்பிக் கழிக்கும்போது அ ஆயிரத்தில் கூடி ஒன்றில் குறைகிறது. ஆ நூறில் கூடிப் பத்தில் குறைகிறது. இ-யும் ஈ-யும் இதற்கு நேரெதிர். ஆகவே விடை எப்போதும் 999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ). நான்கு இலக்கங்களும் மறைந்து இரண்டு இடைவெளிகள் மட்டுமே எஞ்சுகின்றன. 1949-க்கு அவை 8, 5. 2078-க்கும் அதே 8, 5. அதனால் அதுவும் முதல் கழித்தலிலேயே 8442 ஆகிவிடுகிறது.

வெளி இடைவெளி, அதாவது அ − ஈ, 1 முதல் 9 வரை இருக்கலாம். உள் இடைவெளி, அதாவது ஆ − இ, பூஜ்யம் முதல் வெளி இடைவெளி வரை. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 சோடிகள்தான். அதாவது ஆயிரக்கணக்கான எண்கள் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. இந்த மாயத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது என்பேன். மிச்சமுள்ள 54 பாதைகளையும் ஒரு மாலைப் பொழுதில் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன.

அந்த இடம் ஏன் 6174? இலக்கங்களை அடுக்கினால் 7, 6, 4, 1. வெளி இடைவெளி 6, உள் இடைவெளி 2. 999 × 6 = 5994; அதோடு 180 சேர்ந்தால் 6174. தன் இடைவெளிகளிலிருந்து தன்னையே மீண்டும் கட்டிக்கொள்ளும் எண் அந்த 54-இல் இது ஒன்றுதான்.

மூன்றிலக்க எண்களுக்கு இதே வேலையை 495 செய்கிறது. இரண்டிலக்கத்தில் நிற்க இடமில்லை: 09, 81, 63, 27, 45, மறுபடி 09 என்று செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்திலக்கத்திலும் நிலையான எண் கிடையாது. மூன்று தனித்தனிச் சுழல்கள் இருக்கின்றன. அவற்றில் ஆகச் சிறியது இரண்டே எண்களால் ஆனது: 53955 கழிந்து 59994 ஆகும், 59994 கழிந்து 53955 ஆகும்.