ரைடிங் மோவர் டெக்: ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி) வைத்திருப்பவர்களில் பலர், டெக், அதாவது வண்டிக்கு அடியில் பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூடு, துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் எபாக்சி பட்டி அப்பி மேலே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். டெக் வெறும் மூடி இல்லை. அமெரிக்காவின் ஆன்சி பி71.1 பாதுகாப்புத் தரப்படி பிளேடு முனையின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்குச் சுமார் 347 கி.மீ. அந்த வேகத்தில் தெறிக்கும் கல்லும் கம்பியும் ஆள்மேல் படாமல் காப்பது இந்தத் தகடுதான். அதிர்விலும் கல்லடியிலும் பட்டி பெயர்ந்து பிளேடுமேல் விழும். ஃபைபர் கிளாஸ் ஒட்டுக்கும் இதே கதிதான்.

வீட்டு மோவர்களில் வரும் டெக் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. ஈரப்புல் அடியில் அப்பிக் காயாமல் கிடக்க, அதோடு உர உப்பும் சேர்ந்தால் துரு உள்ளிருந்து அரிக்கும். ஃப்ளோரிடா போன்ற மணற்பாங்கான இடங்களில் துருவுக்கு முன்பே மணல் வேலையைக் காட்டிவிடும். புல் வெளியேறும் வாய்ப்பக்கம் தேய்ந்து காகிதம்போல் ஆகும். பலர் பார்க்காமல் விடும் இடம் மேல்பக்கம். பெல்ட் மூடிக்கு அடியில், பிளேடைத் தாங்கிச் சுழற்றும் ஸ்பிண்டிலைச் சுற்றிச் சேரும் புல்தூள் மழைக்காலம் முழுக்க ஈரம் காக்கும். டெக்கின் ஆயுளை முடிவு செய்வது அந்த இடம்தான்.

சோதிக்க டெக்கைக் கழற்றியே ஆக வேண்டும். சாவியை எடுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், பார்க்கிங் பிரேக் போடுங்கள். டெக்கை மிகத் தாழ்ந்த உயரத்துக்கு இறக்கி, எஞ்சின் புல்லியிலிருந்து பெல்ட்டை எடுத்து, டெக்கை வண்டியோடு பிடித்திருக்கும் தொங்கு கம்பிகளின் பின்களை உருவினால் டெக் பக்கவாட்டில் நழுவி வரும். மோவரைச் சாய்த்துப் போட்டுப் பார்ப்பது வேண்டாம்; பெட்ரோலும் ஆயிலும் ஒழுகும். புல்லைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

ஓரப் பாவாடையிலோ (டெக்கைச் சுற்றிக் கீழே இறங்கும் பக்கச் சுவர்), ஸ்பிண்டிலுக்குத் தள்ளி உள்ள மேற்பரப்பிலோ மட்டும் ஓட்டை என்றால் தாராளமாகச் சரி செய்யலாம். ஸ்பிண்டில் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் மட்டும் விட்டு, சுற்றுத் தகடு கெட்டியாக இருந்தாலும் காப்பாற்றலாம். ஸ்பிண்டில் உட்காரும் தளமே அரித்திருந்தால், அல்லது தொங்கு கம்பி மாட்டும் பிராக்கெட் கிழிந்திருந்தால், வெல்டிங் செலவு வீண். வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பு அங்கே மிச்சமிருக்காது.

வெல்டிங்குக்கு முன் ஸ்பிண்டில்களைக் கழற்றுங்கள். மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்தால் குண்டுகள் கெடும். துருவையும் பெயின்டையும் பளபளக்கும் வரை கிரைண்டரால் எடுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. ஒட்டுத் தகடு 3 மி.மீ. சாதா இரும்பாக இருக்கட்டும். கால்வனைஸ் தகட்டின் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். தகட்டை மேல்பக்கத்தில் வைக்க வேண்டும், அடியில் விளிம்பு நீட்டினால் புல் அதில்தான் சேரும். ஒரே மூச்சில் சுற்றி ஓட்டினால் டெக் கோணும், இரண்டு செ.மீ. வைத்து, எதிர்ப்பக்கம் போய் இரண்டு செ.மீ. என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் போடுங்கள். வெல்டிங் வசதி இல்லாதவர்கள் வட்டத் தலை கேரியேஜ் போல்ட்டைத் தலை அடியிலும் நட் மேலும் வருமாறு போட்டுத் தகட்டை முடுக்கலாம், பிளேடுக்கு இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும். பாப் ரிவெட் நிற்காது.

விரிசல் ஏன் வந்தது என்று பார்க்காமல் வெல்டிங் செய்தால், பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். அடிமரக் கட்டையில் மோதி வளைந்த ஸ்பிண்டில் தண்டு, ஒரு பக்கம் மட்டும் தீட்டி எடை சரிந்த பிளேடு, தேய்ந்த பேரிங், இந்த மூன்றின் அதிர்வுதான் பெரும்பாலும் தகட்டைக் கிழிப்பது. ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்பிண்டிலின் அலுமினிய உறையில் போல்ட் மாட்டும் காது உடைந்திருந்தால் முழு ஸ்பிண்டிலையும் மாற்ற வேண்டும்.

புதிய டெக் வாங்குவதாக இருந்தால் "42 இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் சியர்ஸ் விற்ற வண்டிகளில் 917 என்று தொடங்கும் மாடல் ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் வழி வந்தது, 247 என்று தொடங்குவது எம்டிடி நிறுவனத்தின் தயாரிப்பு. இரண்டும் 42 இஞ்ச் ஆனாலும் ஒன்றின் டெக் மற்றதில் பொருந்தாது. இருக்கைக்கு அடியில் உள்ள முழு மாடல் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். ஸ்பிண்டிலும் புல்லியும் நன்றாக இருந்தால் வெறும் ஓடு போதும். ஓடு, ஸ்பிண்டில், புல்லி மூன்றில் இரண்டு போயிருந்தால் முழு டெக்கே மலிவாக முடியும்.

மாட்டிய பின் முதலில் டயர் காற்றைச் சரி பாருங்கள், பிறகுதான் மட்டம். சமதளத்தில் நிறுத்தி, பிளேடு முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்கவும். இடம் வலம் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிளேடின் முன்முனை பின்முனையைவிட 3 முதல் 12 மி.மீ. வரை தாழ்ந்திருக்கலாம், சரியான அளவு மாடல் கையேட்டில் இருக்கும். பிளேடு போல்ட்டைக் குத்துமதிப்பாக முடுக்காதீர்கள். ஹஸ்க்வர்னா வகையில் 45 முதல் 55 அடி-பவுண்டு, அதுவும் தலையில் ஆறு கோடு உள்ள கிரேடு 8 போல்ட். வாய்ப்பக்கத்து மூடியைப் பழையபடி மாட்டாமல் ஓட்டவே கூடாது.

பல மாடல்களில் ஸ்பிண்டிலைப் பிடிக்கும் போல்ட்கள் அலுமினியத்தில் தாமே மரை வெட்டிக்கொண்டு இறங்குபவை. முதல் தடவை புல் வெட்டி முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, அவற்றை டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள்.