குதிரைக்கு முதுகு பிடித்தால் முதலில் வாயைப் பாருங்கள்

"குதிரைக்கு எலும்பு தட்டிவிடுற டொக்டர் நீங்கள்தானே?" என்று தொடங்கும் தொலைபேசி அழைப்புகள் இப்போது கூடிவிட்டன. காரணம் தெரிந்ததுதான். வெள்ளைக்காரர் ஒருவர் ஸ்டூலில் ஏறி நின்று குதிரையின் முதுகை ஒரு அமுக்கு அமுக்க, 'டக்' என்று சத்தம் கேட்க, குதிரை கொட்டாவி விட்டு உதட்டை நக்கும் வீடியோக்கள் எல்லாருடைய போனிலும் ஓடுகின்றன. யாழ்ப்பாணத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் குறைவு. கல்யாண ஊர்வலத்துக்கு, கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக, சும்மா ஆசைக்கு என்று வளர்ப்பவர்கள்தான். ஆனால் அந்தக் குறைந்த பேரிடமும் "இடுப்புப் பேர்ந்திட்டுது, ஒருக்கால் தட்டிவிட்டால் சரி" என்ற எண்ணம் நன்றாக ஊறிவிட்டது.

நான் கால்நடை வைத்தியன். தசையையும் மூட்டையும் கையால் தளர்த்தும் ஒஸ்டியோபதி என்ற முறையையும் படித்துச் செய்கிறேன், அதில் சில குதிரைகளுக்கு ஆறுதல் கிடைப்பதையும் பார்க்கிறேன். இருந்தும் சொல்கிறேன், முதுகில் கை வைத்து வைத்தியம் செய்வது கடைசி வேலை.

1874 இல் அமெரிக்காவில் அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் மனிதருக்கென்று தொடங்கிய முறை ஒஸ்டியோபதி. குதிரைக்கு வந்தது மிகவும் பிந்தித்தான், பிரான்ஸ் போன்ற நாடுகளின் கால்நடை வைத்தியர்கள் வழியாக. உடம்பின் ஒரு மூலையில் வரும் இறுக்கம் இன்னொரு மூலையில் நோவாக வெளிப்படலாம், ஆகவே முழு உடம்பையும் பார் என்பது அதன் அடிப்படை. குதிரையின் உடலமைப்பைப் பார்த்தால் இது எவ்வளவு பொருந்துகிறது என்று விளங்கும். குதிரைக்குக் காறை எலும்பே இல்லை. முன்னங்கால் இரண்டும் உடம்போடு மூட்டுப் போட்டுச் சேரவில்லை, ஏணைக்குள் பிள்ளை கிடப்பதுபோல நெஞ்சுக்கூடு முழுவதும் தசைகளுக்குள் தொங்குகிறது, உடல் பாரத்தில் ஏறக்குறைய 60 வீதத்தைத் தாங்குவதும் அந்த முன்னங்கால்கள்தான். பிடரியிலிருந்து ஒரு தடித்த நாண் கழுத்து வழியாக வந்து முதுகின் முட்களோடு தொடர்கிறது. தலையைத் தாழ்த்தினால் அது இழுபட்டு முதுகு உயரும், தலையைத் தூக்கினால் முதுகு பள்ளமாகும். அப்படியென்றால் வாய் நொந்து தலையைத் தூக்கிக்கொண்டே நடக்கும் குதிரைக்கு முதுகு பிடிக்காமல் என்ன செய்யும்?

போன வருஷம் பார்த்த ஒரு பெண்குதிரை. நுவரெலியாவில் பந்தயம் ஓடி முடித்து, கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்தது. ஏற விடாது, வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வரும். ஆளைக் கூப்பிட்டு ஒரு தரம் பின்னங்காலை இழுத்துச் சத்தமும் கேட்க வைத்திருக்கிறார்கள், இரண்டு நாள் நல்லாய் நடந்ததாம், பிறகு பழைய கதை. நான் கழுத்திலிருந்து உள்ளங்கையைப் பரப்பி, அமுக்காமல், முடியின் போக்கிலேயே தடவிக்கொண்டு போனேன். சேணத்தின் பின்விளிம்பு உட்காரும் இடத்துக்கு வந்ததும் தோல் சட்டென்று துடித்தது, தசை கைக்குக் கீழே கெட்டியாகி எழுந்தது, காது பின்னால் போனது. சொந்தக்காரத் தம்பி உடனே "அதுதான் டொக்டர், அந்த இடம்தான்" என்றார். நோகிற இடம் அதுதான், சந்தேகமில்லை. ஆனால் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் இரண்டு பக்கமும், மண்ணிறக் குதிரையில், ஐந்து ரூபாய்க் குற்றியளவில் வெள்ளை முடி முளைத்திருந்தது. சேணம் ஒரே இடத்தில் நெடுநாள் அழுத்தினால் அங்கே வளரும் முடி வெளுத்துவிடும். சேணத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அகலக் குதிரைக்குச் செய்ததை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறார்கள், அது சரிந்து முன்மேட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

பிறகு கன்னத்தை வெளியிலிருந்து மேற்பல் வரிசை வழியாக விரலால் மெல்ல அழுத்தினேன். தலையை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டது. மயக்கமருந்து கொடுத்து, வாயைத் திறந்து வைக்கும் வாய்க்கருவி போட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தால் மேற்கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு முழுவதும் கூர், கன்னத்தின் உட்புறம் புண். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வெளியே வந்துகொண்டே இருக்கும், மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமென்பதால் ஒரே சீராகத் தேயாது. மேலே வெளிப்பக்கம் கூர் வந்து கன்னத்தைக் கிழிக்கும், கீழே உட்பக்கம் கூர் வந்து நாக்கைக் கிழிக்கும். கடிவாளத்தை இழுக்கிற ஒவ்வொரு தரமும் கன்னம் அந்தக் கூரில்தான் போய் அழுந்துகிறது. வருஷத்துக்கு ஒரு தரமாவது வாயைத் திறந்து பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது. (வாய்க்கருவி இல்லாமல் நீங்களாகக் கையை உள்ளே விடவேண்டாம். விரல் தப்பாது.)

அரத்தால் பல்லைத் தேய்த்து, அந்தச் சேணத்தை ஓரமாகப் போட்டு, சில வாரம் ஆள் ஏறாமல் நடக்க விட்ட பிறகுதான் முதுகிலும் நெஞ்சுக்கூட்டைத் தாங்கும் தசைகளிலும் கை வைத்தேன். "அப்ப எலும்பு தட்டேல்லையோ?" என்று தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "தட்டிறதுக்கு ஒண்டும் பேரேல்லைத் தம்பி" என்றேன்.

உண்மையும் அதுதான். குதிரையின் முதுகில் 18 நெஞ்சு முள்ளென்புகள், அதற்குப் பின்னால் பொதுவாக 6 இடுப்பு முள்ளென்புகள், எல்லாவற்றையும் மூடித் தடித்த தசையும் நாண்களும். கையால் ஒரு அமுக்கு அமுக்கி இடம் மாற்றக்கூடிய சாமான் இல்லை அது. உண்மையாகவே விலகினால் குதிரை நடந்து உங்களிடம் வராது. 'டக்' சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது, நாம் விரல் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதே சத்தம்தான். கையால் நாம் செய்வது தசை இறுக்கத்தைத் தளர்த்துவது, அசையத் தயங்கும் மூட்டை நோவில்லாமல் கொஞ்சம் அசைத்துக் காட்டுவது. அதற்கு மேல் ஈரலைச் சரிசெய்கிறேன், மண்டையோட்டு எலும்பை நகர்த்துகிறேன் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. குதிரைகளில் இந்த முறையைப் பற்றிய ஆய்வுகள் சொற்பம், பெரும்பாலும் சிறியவை. "கட்டாயம் சுகமாகும்" என்று காசு வாங்குகிறவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இன்னொன்று, இது நம் ஊருக்கு முக்கியமானது. நம் மாடுகளின் வயிற்றுக் குழியில் செற்றாரியா என்ற நூல் போன்ற புழு இருக்கும், மாட்டுக்குப் பெரிய தொந்தரவில்லை. ஆனால் நுளம்பு அதன் குஞ்சுப்புழுவைக் குதிரைக்கோ ஆட்டுக்கோ ஏற்றிவிட்டால் அது வழிதவறி முண்ணாணுக்குள் போய்விடும். ஆடு வளர்ப்பவர்கள் பின்பக்கம் இழுத்து விழுகிற ஆடுகளைக் கண்டிருப்பீர்கள், இலங்கையில் ஆடுகளில் இது தெரிந்த நோய்தான். குதிரையில் வந்தால் இந்தியாவில் கும்ரி என்பார்கள். பின்பக்கம் தள்ளாடும், வட்டமாகத் திருப்பினால் கால் பின்னும், குளம்பின் நுனி நிலத்தில் இழுபடும். வெளிப்பார்வைக்கு 'இடுப்புப் பேர்ந்த' குதிரைதான். அதன் முதுகில் ஏறி நின்று அமுக்கினால் குதிரை விழும், ஆளும் விழுவார், மருந்து கொடுக்க வேண்டிய நேரமும் போய்விடும். ஆகவே தள்ளாட்டம், காய்ச்சல் (குதிரைக்கு 38.5 பாகை செல்சியஸ் தாண்டினால்), திடீர் நொண்டல், உருளுதல், சாணி போடாமை, இவற்றில் எது இருந்தாலும் யாரையும் கை வைக்க விடாதீர்கள், கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மணலையும் சொல்லவேண்டும். மணற்காட்டுப் பக்கம் போல மணல் தரையில் கட்டி, தீனியை நிலத்திலேயே போட்டால் குதிரை மணலையும் சேர்த்துத்தான் விழுங்கும், அது பெருங்குடலில் தங்கி வயிறு நோகும், வயிறு நொந்த குதிரை முதுகை விறைத்துக்கொண்டுதான் நிற்கும். புதிதாக விழுந்த சாணியின் மேல்பக்கத்தில் ஒரு பிடியெடுத்து, ஷொப்பிங் பையில் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தொங்க விடுங்கள். அடியில் மணல் படிந்தால் தீனியை உடனே தொட்டிக்கு மாற்றுங்கள். மணல் படியவில்லை என்பதற்காக வயிறு சுத்தம் என்றும் நினைக்கவேண்டாம். குளம்பை 6 முதல் 8 கிழமைக்கு ஒரு தரம் வெட்டிச் சீராக்கவேண்டும், இங்கே பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

ஏறி ஓட்டும்போது குதிரை காட்டும் நோவின் அடையாளங்கள் 24 என்று 2018 இல் வெளியான ஓர் ஆய்வு வகுத்தது. காதைப் பின்னால் மடிப்பது, வாயைத் திறந்துகொள்வது, வாலைச் சுழற்றி அடிப்பது, இடறுவது என்று போகும் அந்தப் பட்டியலில் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் எலும்பு, தசை நோவு இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே இவற்றுக்கெல்லாம் "குழப்படிக் குதிரை" என்று ஒரே பெயர், கையில் சவுக்கு.

அடுத்த முறை ஓட்டி முடித்ததும் சேணத்தைக் கழற்றி முதுகின் வியர்வையைப் பாருங்கள். சுற்றிவர நனைந்து நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் சேணம் அழுத்துகிறது. போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு எனக்கு அழையுங்கள். மாட்டுவண்டிச் சவாரிக்கு நாம்பன் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள், நுகத்தின் கதை வேறு, அதைத் தனியாக எழுதுகிறேன்.